கையடக்கக் கணினி களத்துக்கு வந்த கதை

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 12 நிமிடங்கள். நூலகத்திலும் களப் பயணத்திலும் கையடக்கக் கணினி என்பது தலைப்பு. வழக்கமாக மற்றவர்கள் பேசும்போது மணியடித்து நிறுத்துவதுதான் என் வேலை. இம்முறை எனக்கே மணி அடித்துவிட்டார்கள். சொல்ல நினைத்ததில் பாதிதான் அன்று சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். 2004-ஆம் ஆண்டு நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் வகுப்பு மாணவர்களை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நான்கு பேருக்கு ஒன்று என்று கையடக்கக் கணினி கொடுக்கப்பட்டது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், பக்கத்தில் செருகி வைத்த குச்சி ஒன்று. அதைத் தொட்டுப் பார்க்கவே சண்டை. சேற்றில் துள்ளும் மீன்களையும் பலகைப் பாதைக்குக் கீழே ஊர்ந்துபோன உடும்பையும் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பியதும் அந்தக் குறிப்புகளை வைத்துத் தமிழில் கட்டுரை எழுத வேண்டும்.

பத்தே நிமிடத்தில் சிக்கல் தெரிந்துவிட்டது. அந்தக் கருவியில் தமிழ் எழுத முடியாது. "டீச்சர், எப்படி எழுதறது?" என்று கேட்டோம். எங்கள் ஆசிரியை சற்று யோசித்தார். "இங்லீஷ்ல குறிச்சுக்குங்க. வீட்டுக்குப் போய்த் தமிழ்ல மாத்திக்கலாம்" என்றார். அப்படியே செய்தோம். மறுவாரம் கருவியை எடுத்தபோது மின்கலம் முற்றிலும் தீர்ந்து, உள்ளே இருந்த எல்லாம் அழிந்துபோயிருந்தது. அக்காலத்துக் கருவிகள் பலவும் அப்படித்தான். மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு. கடைசியில் நினைவில் இருந்ததைக் கொண்டு கட்டுரை எழுதினோம். என் கட்டுரையில் மீன் இருந்தது, உடும்பு இருந்தது. அவை எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்பது இல்லை.

ஏன் அப்படி நேர்ந்தது என்ற கேள்வி பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. இந்தக் கருத்தரங்குக்காகப் படித்தபோதுதான் அதற்கு நீண்ட வரலாறு உண்டு என்று தெரிந்தது. இத்தகைய கருவிகளைப் பற்றிப் பேசும்போது "எத்தனை புத்தகம் உள்ளே அடங்கும்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். மாணவர் தாம் கண்டதை அதற்குள் எழுதிவைக்க முடியுமா என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. இந்த வரலாற்றில் கருவிகள் வென்றதும் தோற்றதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

அட்டைப் பெட்டியும் மரக்கட்டையும்

1968-இல் ஆலன் கே என்ற அமெரிக்க இளைஞர், சீமோர் பாப்பர்ட் குழுவினர் லோகோ என்ற கணினி மொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைச் சென்று பார்த்தார். அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த கணினிகளின் காலம் அது. பிள்ளைகள் கணினியிடம் கேட்பதைவிட அதற்குக் கட்டளை எழுதுவதில் காட்டிய ஆர்வம் அவர் மனத்தில் பதிந்தது. குழந்தை தூக்கிச் செல்லக்கூடிய கணினி எவ்வளவு கனம் இருக்கலாம் என்று பார்க்க அட்டையால் ஒரு மாதிரி செய்து, அதனுள் ஈயக் குண்டுகளைப் போட்டுக் கையில் பிடித்துப் பார்த்தாராம்.

1972-இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருந்தபோது, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான கணினி என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் டைனாபுக். எடை நான்கு பவுண்டுக்குள், விலை 500 டாலர் என்று கனவு கண்டார். கட்டுரையின் தொடக்கமே ஒரு கதை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் பூங்காவில் புல்தரையில் படுத்துக்கொண்டு, தங்கள் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து விண்வெளிப் போர் விளையாடுகிறார்கள். விளையாட்டில் சூரியனின் ஈர்ப்பு விசை வேண்டும் என்று தோன்றுகிறது. ஆசிரியரிடம் போகிறார்கள். அவர் விடையைச் சொல்லிவிடாமல் வழிமட்டும் காட்டுகிறார். அவர்கள் கருவியை நூலக இணைப்பில் பொருத்தித் தேடுகிறார்கள். பிறகு தாங்களே விளையாட்டின் விதியை மாற்றி எழுதுகிறார்கள்.

வெளியிடம், நூலகம், எழுதுதல் மூன்றும் ஒரே கதையில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். கருவி ஒன்றுகூட உருவாகாத காலத்தில் எழுதியது இது. பின்னால் வந்தவர்கள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் தடுமாறினார்கள்.

1993-இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் மெசேஜ்பேட் என்ற கருவியைக் கொண்டு வந்தது. கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். அது ஒன்றை எழுதினால் இன்னொன்றாகப் படித்தது. செய்தித்தாள்களில் கேலிச்சித்திரம் வரைந்து சிரிக்கும் அளவுக்குப் போயிற்று. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் அதைக் கைவிட்டது.

நியூட்டன் தடுமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, சில மாதங்கள் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது கூட்டத்துக்கு நாள் கேட்டால் கட்டையை எடுத்து, உணவுக் குச்சியைச் சீவிச் செய்த எழுதுகோலால் குறிப்பதுபோலப் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஈயக் குண்டு போட்ட அட்டைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது இந்த மரக்கட்டைதான். அதிலிருந்து பிறந்தது 1996-இல் வெளிவந்த பாம் பைலட். விலை 299 டாலர், நினைவகம் 128 கிலோபைட். கையெழுத்தைக் கருவி புரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தை ஹாக்கின்ஸ் விட்டார். கருவிக்குப் புரியும்படி நாம் எழுதப் பழக வேண்டும் என்று ரோமன் எழுத்துகளை எளிமைப்படுத்தி கிராஃபிட்டி என்ற எழுத்துமுறையைத் தந்தார். ஆங்கிலம் எழுதியவர்கள் சில மணி நேரத்தில் பழகிக்கொண்டார்கள். சுங்கை பூலோவில் எங்களுக்கு ஏற்பட்ட தடையின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

படிக்கத் தெரியாதவர்களின் கணினி

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி எந்தப் பள்ளியிலும் நடந்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் நடந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்துவிட்டார்கள்.

லூயி லீபன்பெர்க் என்பவர் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். படிப்பை விட்டுவிட்டு, கலஹாரிப் பாலைவனத்தில் சான் மக்களோடு தங்கி, விலங்குகளின் தடம் பார்க்கும் கலையைக் கற்றார். மணலில் கிடக்கும் ஒரு குளம்படியைப் பார்த்து, அது எந்த விலங்கு, எப்போது போனது, காயம்பட்டதா, பசியோடு போனதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அறிவியல் சிந்தனையே இந்தத் தடம் பார்க்கும் கலையிலிருந்துதான் தோன்றியிருக்க வேண்டும் என்று 1990-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் வேட்டை வாழ்க்கை மறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அந்தக் கலையைக் கற்கவில்லை. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களோடு அந்த அறிவும் போய்விடும் என்ற நிலை.

1990-களின் நடுப்பகுதியில், அதே பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் ஸ்டீவன்டன் என்ற மாணவரோடு சேர்ந்து சைபர்டிராக்கர் என்ற மென்பொருளை உருவாக்கினார். எல்லோரும் கேலி செய்த நியூட்டனில்தான் அது முதலில் ஓடியது. நியூட்டன் நின்றுபோனதும் பாமுக்கு மாறியது. திரையில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள் இருக்கும். காண்டாமிருகத்தின் படத்தைத் தொட்டால் அடுத்த திரையில் அது நின்றதா, மேய்ந்ததா, தூங்கியதா என்று படங்கள் வரும். மேய்ந்தது என்றால் எந்தச் செடி என்று படங்கள் வரும். இணைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவி இடத்தையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்ளும். மாலையில் கணினியில் இணைத்தால் வரைபடம் கிடைத்துவிடும்.

கரூ தேசியப் பூங்காவில் கரேல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்ற இரண்டு தடம் பார்ப்பவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு கறுப்புக் காண்டாமிருகங்களைப் பின்தொடர்ந்தார்கள். நாள்தோறும் அவர்கள் கண்டது பதிவாயிற்று. அந்தப் பதிவுகளை வைத்து, காண்டாமிருகங்களின் உணவுப் பழக்கம் பற்றி 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கட்டுரையாசிரியர்களின் பட்டியலில் அந்த இருவரின் பெயரும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள்! லீபன்பெர்க்குக்கு 1998-இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பிற்காலத்தில் பல நாடுகளின் வனத்துறைகள் இந்த மென்பொருளைப் பயன்படுத்தின.

இங்கே அவர்களிடம் புத்தகத்தைக் கொடுக்கவில்லை என்பதே என் கவனத்துக்கு வந்தது. அவர்களிடம் ஏற்கனவே இருந்த அறிவைக் கருவி வாங்கிக்கொண்டது. கருத்தரங்கில் என்னுடன் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அது வேலை, கல்வி அல்ல" என்று மறுத்தார். ஐயா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அந்த இருவரும் மாணவர்கள் அல்லர், வல்லுநர்கள். ஆனால் அவர்கள் காட்டிய வழியில் மாணவரையும் அழைத்துச் செல்லலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது.

பள்ளிகள் செய்து பார்த்தவை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்துக்கு அருகிலுள்ள சபினோ பள்ளத்தாக்குக்கு ஆப்பிள் ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்ற முயற்சி பற்றிய கட்டுரை 1993-இல் வெளிவந்தது. வானலை வழியே இணைந்த கணினிகளோடு குழுக்களாகப் பிரிந்து, நீரையும் மண்ணையும் அளந்து, ஒரு குழு குறித்ததை இன்னொரு குழு உடனே பார்த்தது. கம்பியில்லா இணையம் பரவலாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது.

2000-ஆம் ஆண்டையொட்டி பாம் நிறுவனமும் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளுக்குக் கருவிகளைக் கொடுத்துப் பயனை ஆராய்ந்தன. பெரும்பாலான ஆசிரியர்கள் வரவேற்றார்கள். அறிவியல் பாடத்தில், குறிப்பாக வெளியே போய் அளந்து வரும் வேலையில், பயன் தெளிவாகத் தெரிந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே குழுவினர் செய்த விளையாட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் கூட்டீஸ். வகுப்பில் எல்லோருடைய பாமிலும் ஓர் உயிர். ஒருவருடையதில் மட்டும் நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். பிள்ளைகள் நடந்து திரிந்து ஒருவரையொருவர் சந்தித்து, கருவியின் அகச்சிவப்புக் கதிர் வழியே கைகுலுக்க வேண்டும். சிறிது நேரத்தில் பலருடைய உயிர்கள் நோயுற்றுவிடும். நோய் யாரிடமிருந்து தொடங்கியது என்று குறிப்புகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 2020-இல் நாமெல்லாம் தொடர்புத் தடமறிதல் என்ற சொல்லைக் கற்றபோது எனக்கு இந்த விளையாட்டுதான் நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தில் 2002-இல் 11, 12 வயதுப் பிள்ளைகளை ஒரு காட்டுக்குள் அனுப்பி, ஈரத்தையும் ஒளியையும் அளக்கச் செய்தார்கள். அளந்தது உடனே படமாகக் கையிலிருந்த கருவியில் வந்தது. தைவானில் 2003-இல் வெளிவந்த ஆய்வு பறவை பார்த்தல் பற்றியது. பறவையின் அலகு, நிறம், கால் என்று மாணவர் கவனித்ததைத் தேர்வு செய்ய, கருவி பறவைத் தரவுத்தளத்தில் தேட உதவியது. அதன் நுட்பம் எனக்குப் பிடித்தது. மாணவர் தேர்ச்சி பெறப்பெறக் கருவி தரும் உதவி குறைந்துகொண்டே வரும். கடைசியில் கண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிச் செயலிகள் படம் எடுத்த உடனே பெயரைச் சொல்லிவிடுகின்றன. வசதிதான். ஆனால் அலகு எப்படி இருந்தது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரும் பின்தங்கவில்லை. 1999-இல் டன்மன் உயர்நிலைப் பள்ளியில் உயர்நிலை ஒன்று மாணவர்களிடம் எடுபேட் என்ற கருவி சோதனைக்குக் கொடுக்கப்பட்டது. புத்தகப் பையின் சுமையைக் குறைக்கும் மின்னியல் பள்ளிப்பை என்று அதைச் சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் நாடு முழுவதும் பரவவில்லை. புத்தகத்தை ஏற்றிக்கொண்டு வருவது அந்தக் கருவியின் முதல் வேலையாக எண்ணப்பட்டது. அந்த வேலையை அப்போது காகிதமே இதைவிடச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது என்பது என் கணிப்பு.

பத்தாண்டு கழித்து, 2009 வாக்கில், நான் சியாவ் தொடக்கப் பள்ளியில் தேசியக் கல்விக் கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மேலே சொன்ன சோலோவேயும் அதில் இணைந்திருந்தார். தொடக்கநிலை மூன்று மாணவர்களுக்கு ஆளுக்கொரு திறன்பேசி. பள்ளியிலேயே பூட்டி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அறிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் கண்டதைப் படம் எடுத்தார்கள், அசையும் ஓவியமாக வரைந்தார்கள், தமக்கு என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எடுபேடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

நூலகத்தின் பக்கம்

நூலகத்தில் கையடக்கக் கருவி முதலில் வாசகர் கையில் இல்லை, ஊழியர் கையில்தான் இருந்தது. அலமாரியில் இருக்கும் நூல்களைப் பட்டைக்குறி வருடி எண்ணிச் சரிபார்ப்பது அதன் வேலை. பேரங்காடிகளில் சரக்கு எண்ணுவதற்குச் செய்த கருவிகளின் உறவினர் அது. 1998-இல் புக்கிட் பாத்தோக் சமூக நூலகத்தில் தேசிய நூலக வாரியம் நூல்களுக்குள் வானலைச் சில்லுகளை ஒட்டிச் சோதித்தது. 2002-க்குள் எல்லாப் பொது நூலகங்களிலும் அது வந்தது. வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டிருந்த நாம், நூலை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினோம்.

வாசகர் கைக்கு நூலகம் போன கதை மருத்துவத்தில் தொடங்கியது எனலாம். 1990-களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர்கள் மருந்துக் குறிப்பேடுகளைப் பாமில் ஏற்றிக்கொண்டு வார்டுகளில் நடந்தார்கள். மருத்துவக் கல்லூரி நூலகர்கள் அவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். 2000 ஆகஸ்டில் வர்ஜீனியா பல்கலைக்கழக நூலகத்தின் மின்னூல் மையம் பழைய இலக்கியங்களைக் கையடக்கக் கருவிகளுக்கேற்ற வடிவில் இலவசமாகக் கொடுத்தது. சில மாதங்களிலேயே பல லட்சம் பிரதிகள் இறங்கின. இத்தனை சின்னத் திரையில் யார் நாவல் படிப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

தமிழ் எங்கே?

1995-இலேயே இணையத்தில் தமிழை ஏற்றிய ஊர் இது. அமரர் நா. கோவிந்தசாமியின் உழைப்பை நாம் மறக்க முடியாது. 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. மேசைக் கணினியில் அவ்வளவு முன்னால் இருந்த தமிழ், கையடக்கக் கணினியில் ஏன் பின்தங்கியது?

இதற்குப் பதில் சொல்ல முயன்ற ஒரு கருவி பெங்களூரில் பிறந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் அறிமுகப்படுத்திய சிம்ப்யூட்டர் அது. எளிய, மலிவான, பலமொழி மக்கள் கணினி என்பது பெயரின் பொருள். இந்தி, கன்னடம், தமிழ் மூன்றையும் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டு செய்தார்கள். எழுத்தை வாசித்தும் காட்டும். ஊருக்கு ஒன்று வாங்கினால் போதும், ஒவ்வொருவரும் தம் விவரங்களை ஒரு சில்லட்டையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் எண்ணம். சட்டீஸ்கர் மாநிலப் பள்ளிகளில் சோதித்தார்கள். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்து ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. விற்றது சில ஆயிரங்கள்தான். அதற்குள் கைத்தொலைபேசி மலிந்துவிட்டது. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டவர்கள், ஆளுக்கொரு கைத்தொலைபேசி வாங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதன் தோல்வியைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். எங்கள் ஆசிரியை 2004-இல் தேடிய கருவி அதே ஆண்டில் பெங்களூரில் விற்பனைக்கு வந்திருந்தது என்பதை இப்போது படித்தபோது மனம் சற்று வருந்தியது உண்மை.

மறுஆண்டு பொங்கல் நாளில் திருப்பம் வந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-இல் ஒலி 96.8 வானொலியின் துணையோடு சிங்கப்பூரில் அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதலாம். முரசு அஞ்சல் மென்பொருளால் 1980-களிலிருந்தே மேசைக் கணினித் தமிழுக்கு உழைத்தவர் அவர். வாழ்த்து அனுப்பத்தான் பெரும்பாலோர் பயன்படுத்தினார்கள் என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். வாழ்த்தாக இருந்தால் என்ன? எண்பலகையில் தமிழ் எழுத்து விழுந்துவிட்டது. அதே ஆண்டில் விண்டோஸ் மொபைல் 5.0 வந்தபோது, மின்கலம் தீர்ந்தாலும் குறிப்புகள் அழியாத நினைவகமும் வந்தது. எங்கள் இரண்டு துயரங்களுக்கும் ஓராண்டு தாமதமாக மருந்து கிடைத்தது எனலாம்.

2007-இல் ஐபோன் வந்தது. பாம் போன்ற கருவிகளின் காலம் முடியத் தொடங்கியது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்து வந்தது 2013-இல், ஐஓஎஸ் 7-இல்தான். அதன் பிறகே தமிழாசிரியர் களப் பயணத்தில் தனி மென்பொருள் எதையும் தேடாமல் "தமிழில் எழுதுங்கள்" என்று சொல்ல முடிந்தது. 2014-இல் நூலக வாரியத்தின் செயலி வந்து, கைத்தொலைபேசியால் பட்டைக்குறியை வருடி அலமாரிக்கு முன்னாலேயே நூலை இரவல் பெறலாம் என்றானது. ஊழியர் கையிலிருந்த கருவியின் வேலை வாசகர் கைக்கு வந்துவிட்டது. 2015-இல் சிங்கப்பூர்த் தமிழ் மின் மரபுடைமைத் தொகுப்பு வெளியாகி, 1965-க்குப் பிந்திய 50 ஆண்டுகளின் உள்ளூர்த் தமிழ் நூல்கள் 350-க்கும் மேல் மின்வடிவம் பெற்றன. 2021-இல் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றல் கருவி என்ற திட்டம் எல்லாப் பள்ளிகளையும் எட்டியது. எடுபேட் சோதனைக்குப் பிறகு 22 ஆண்டுகள்!

கருத்தரங்கின் முடிவில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "நூலெல்லாம் சேத்துட்டீங்க, சரி. அந்தப் பிள்ளைங்க களத்துல எழுதின குறிப்பெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார். நான் நெறியாளராக இருந்திருந்தால் நேரமில்லை என்று சமாளித்திருப்பேன். பேச்சாளராக இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பலவும் கருவியோடு போய்விட்டன என்றேன். நெகிழ்வட்டு போயிற்று, பாம் போயிற்று, அந்தக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளும் போயிற்று. ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகள் நூலகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் எழுதியவை இல்லை. கரூ பூங்காவில் பெனாடியும் மின்யேயும் கண்டது நிலைத்ததற்குக் காரணம், யாரோ அதை மாலைதோறும் இறக்கி, ஒழுங்குபடுத்தி, அச்சிலும் ஏற்றினார்கள்.

அம்மையார் விடவில்லை. தம் மாணவர்களின் குறிப்புகளை அந்தக் காலத்திலேயே தாளில் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் குறித்ததும், பக்கத்தில் பென்சிலால் பிள்ளைகள் எழுதிய தமிழும் அதில் இருக்கின்றனவாம். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க இருக்கிறேன். 1999 முதல் 2009 வரை பள்ளிகளில் இத்தகைய களப் பயணம் நடத்திய தமிழாசிரியர்கள் வேறு யாரிடமாவது தாளோ கோப்போ பழைய கருவியோ இருந்தால் இந்தப் பக்கத்தின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கருவி இயங்காவிட்டாலும் பரவாயில்லை, தூக்கி எறிந்துவிடாதீர்கள்.